பிறகு பார்க்கலாம்

ஒரு வெள்ளிக்கிழமை மற்றவர்கள் எல்லாம் இறங்கிப் போகும்வரை காத்திருந்துவிட்டு, அர்த்தநாரி சாமியிடம் கேட்டார்.

"சாமி, எனக்கொரு பழக்கம் வந்து ஒட்டிக்கிச்சுங்க. விடோணும்னு பாக்கறேன். முடியல."

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"குடிங்களா?"

"அய்யோ, இல்லீங்க."

"சீட்டு?"

"இல்லீங்க சாமி. சினிமா."

"அது ஊருல எல்லாருக்கும் இருக்கறதுதான? பாத்துட்டுப் போங்க."

"பாக்கறது இல்லீங்க. வாங்கறது."

சாமியின் கை நின்றது. முதல் முறையாக அர்த்தநாரியின் முகத்தைப் பார்த்தார்.

செங்கோட்டுச் சாமிக்கு அப்போது நாற்பது வயதிருக்கலாம். அர்த்தநாரிக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. சாமி முன்பு லாரி ஓட்டியவர். ஒருநாள் வண்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு இந்தக் கரட்டின் பாதிச் சரிவில் வந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டால், "கால் வலிச்சுது" என்பார். ஒரு தகரக் கொட்டகை. வெள்ளிதோறும் சிலர் வருவார்கள். சேர்ந்து சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு குறைவு. தன்னைவிட மூத்தவர்களை அவர் அண்ணா, அக்கா என்றுதான் அழைப்பார். அவர்கள் அவரைச் சாமி என்பார்கள். யாருக்கும் அதில் கூச்சம் இல்லை.

அர்த்தநாரிக்குப் பள்ளிபாளையத்தில் விசைத்தறிப் பட்டறை. வீட்டை ஒட்டியே கொட்டகை. தறி ஓடினால் வீட்டுச் சுவரும் சேர்ந்து அதிரும்.

"வாங்கறதுன்னா? கேசட்டா?" என்று சாமி கேட்டார்.

"அதெல்லாம் போயிருச்சுங்க. இப்ப எல்லாம் போன்லயே. கடை இருக்குது. படத்தைத் தொட்டாப் போதும், நம்ம பேருக்கு வந்துரும். வாடகை இல்லீங்க, சொந்தம். எப்ப வேணா எடுத்துப் பாத்துக்கலாம்."

"எத்தனை இருக்குது?"

"மூவாயிரத்தைத் தாண்டிருச்சுங்க."

"பாத்தது?"

அர்த்தநாரி கரட்டு உச்சியைப் பார்த்தார். "நூறு இருக்கலாம். அதுலயும் பாதி முடிவு வரைக்கும் பாக்கலீங்க. பாத்துட்டு இருக்கறப்பவே இன்னொண்ணு ஞாபகம் வந்துரும்."

"மத்ததெல்லாம்?"

"பொறகு பாக்கலாம்னுதானுங்க. தறியை யார்கிட்டயாச்சும் ஒப்படைச்சுப்போட்டு, நிம்மதியா உக்காந்து..."

"பெரிய செலவோ?"

"அதை மட்டும் கேக்காதீங்க சாமி. படம் வாங்குனா டிவி சின்னதாத் தெரியுது. பெரிய டிவி வாங்குனா பழைய படம் மங்கலாத் தெரியுது. அதே படத்தைத் தெளிவா ஒருக்கா வாங்குவேன். அதுக்கு மேல தெளிவா வரும், மறுக்கா வாங்குவேன். சில படம் மூணு தடவ வாங்கிருக்கறனுங்க. மூணையும் பாக்கல."

சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"வேண்டாம்னா யாருக்காச்சும் குடுத்தரலாமுங்களா?"

"முடியாதுங்க. விக்கவும் முடியாது, குடுக்கவும் முடியாது. எம் பேருல இருக்கறவரைக்கும்தான்."

"நீங்க போயிட்டா?"

"அதுவும் போயிருமுங்க."

"பரவால்லியே," என்றார் சாமி. "கூடவே வர்ற சொத்து. உலகத்துல இன்னிக்குத்தான் கேள்விப்படறேன்."

அர்த்தநாரியும் சிரித்துவிட்டார். பிறகு முகம் வாடியது. "சிரிச்சாலும் விட முடியலீங்க சாமி."

"வீட்டுல அக்கா என்ன சொல்றாங்க?"

"தெய்வானைங்களா? அவ ஒண்ணும் சொல்லமாட்டா. அவளுக்குச் சினிமாவே புடிக்காதுங்க. மாடிப்பக்கமே வரமாட்டா."

சாமி மீண்டும் கீரைக்குத் திரும்பினார். காம்புகளை ஒரு பக்கம், இலைகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். இன்னொரு கட்டைப் பிரித்தார்.

"சாமி, நீங்க பதிலே சொல்லலீங்க."

"கொட்டகைக்குத் தகடு மாத்தோணும்ணா. எல்லாம் ஓட்டை. முடியறவரைக்கும் நான் எங்காச்சும் படுக்கோணும். உங்க வீட்டுல எடம் இருக்குமுங்களா?"

அர்த்தநாரி மகிழ்ச்சியில் உடனே தலையாட்டினார். மலையிறங்கும்போதுதான் நினைவு வந்தது. வீட்டில் காலியாக இருந்த ஒரே அறை, அந்தப் படம் பார்க்கும் மாடி அறை.

*

சாமி ஒரு துணிப்பையுடன் வந்தார். மாடி அறையின் வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. ஒரு சுவர் முழுக்க டிவி. நடுவில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி, தோல் போர்த்தியது. நான்கு மூலையிலும் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிகள்.

"இதென்னங்ணா, முனியப்பன் சிலை மாதிரி நாலு பக்கமும் நிக்குது?"

"நல்ல சத்தமுங்க சாமி. ஊசி விழுந்தாக் கேக்கும்."

தெய்வானை மோர் கொண்டுவந்தாள். மெலிந்த உடம்பு. பேச்சை விடச் சிரிப்பு அதிகம்.

"உப்புப் போட்டிருக்குதுங்களாக்கா?" என்று சாமி கேட்டார்.

"நல்லா இருக்கறனுங்க சாமி," என்றாள் தெய்வானை. "நீங்க சௌக்கியமா?"

சாமி அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு கைகளைக் கூப்பி, "சௌக்கியம்" என்பதுபோல் தலையை ஆட்டினார். மோரைக் குடித்தார். அர்த்தநாரி அதற்குள் டிவியைப் போட்டுப் படங்களை நகர்த்திக்கொண்டிருந்தார்.

அன்று பொழுது சாய்ந்ததும் அர்த்தநாரி கேட்டார். "சாமிக்கு என்ன படம் போடட்டும்?"

"நீங்க எது சொல்றீங்களோ."

அர்த்தநாரி ஒரு பக்திப் படத்தை எடுத்தார். போடுவதற்கு முன், இதைவிட நல்லது ஒன்று உண்டென்று தோன்றியது. அதைத் தேடினார். தேடும்போது கண்ணில் பட்ட இன்னொன்றின் முன்னோட்டத்தைக் காட்டினார். "இது எடுத்த எடம் ஆப்பிரிக்காவுங்க." அடுத்து ஒன்று. "இதுல குதிரைச் சண்டை பாக்கோணும் சாமி." சாமி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

படியிறங்கும்போது சாமி சொன்னார். "படம் நல்லா இருந்துச்சுங்ணா."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே சாமி."

"அப்படிங்களா?" என்றார் சாமி.

*

மறுநாள் சாமியே சொன்னார். "பழைய படமா, சிரிக்கற மாதிரி ஒண்ணு போடுங்க. தேட வேண்டாம். முதல்ல எது வருதோ அது."

முதலில் வந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பெண் பார்க்கப் போகிறவன் வீடு மாறி, ஏலம் நடக்கும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறான். மாப்பிள்ளை மரியாதையாக இருக்க வேண்டுமென்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதனால் யார் எது சொன்னாலும் தலையாட்டுகிறான். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் ஒரு பொருள் அவன் பேருக்கு விழுகிறது. அண்டா, குண்டா, கட்டில், கடைசியில் ஒரு யானை மணி.

சாமி சிரித்த சிரிப்பு கீழே தறிக்கொட்டகை வரை கேட்டது. லாரி ஓட்டிய காலத்துத் தொண்டை அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

அர்த்தநாரியும் சிரித்தார். ஆனால் நடுவே போன் மினுங்கியது. இன்று மட்டும் பாதி விலை என்றது. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது திரையில் அந்த யானை மணி எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. அர்த்தநாரி நிறுத்தப் போனார்.

"இருங்க," என்றார் சாமி. கடைசிப் பெயர் வரை வாசித்தார்.

மூன்றாம் நாளும் சாமி அதே படத்தைக் கேட்டார்.

"நேத்துப் பாத்ததுங்களே சாமி."

"ஆமா. நல்லா இருந்துச்சு."

"வேற மூவாயிரம் இருக்குதுங்க."

"இருக்கட்டும். அதுக எங்க போயிருது?"

அர்த்தநாரி நெருஞ்சி முள்மேல் உட்கார்ந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். அடுத்து என்ன வரும் என்று தெரியும். யார் கதவைத் திறப்பார் என்று தெரியும். புதிதாக ஒன்றும் இல்லை என்று நினைத்தார். சாமியோ நேற்றுச் சிரித்த இடத்தில் சிரித்தார், சிரிக்காத இடத்திலும் சிரித்தார்.

"சாமி, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலீங்க," என்றார் படம் முடிந்ததும்.

"என்ன கேட்டீங்க?"

"பழக்கத்தை எப்படி விடறதுன்னு."

"படம் இன்னும் முடியலியே," என்றார் சாமி. திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

*

அடுத்த நாள் ஞாயிறு. தறி ஓடாது. சாமி தறிக்கொட்டகைப் பக்கம் போய் வந்தார். பொழுது சாயும் நேரத்தில் தறி ஓட்டும் குப்பண்ணனும் அவர் மனைவி மாராயியும் மாராயியின் தங்கையும் கூச்சத்தோடு மாடிப்படியில் நின்றார்கள்.

"நான்தான் படம் பாக்க வரச் சொன்னேன்," என்றார் சாமி. "அக்காவையும் கூப்பிடுங்க."

"அவ வரமாட்டாங்க சாமி."

சாமி படியிறங்கிப் போனார். அடுப்படியில் தெய்வானை முன்னால் போய் நின்று, கையால் மாடியைக் காட்டி, "வாங்க" என்று சைகை செய்தார்.

"எனக்கெதுக்குங்க சாமி," என்றாள். ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு, வறுத்த கடலையை ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு வந்தாள். மாராயி பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அர்த்தநாரி தன் சாய்வு நாற்காலிக்குப் போனார்.

"இன்னிக்கு அதுல நான் உக்காரட்டுங்களா?" என்று சாமி கேட்டார்.

"தாராளமா சாமி."

சாமி உட்கார்ந்தார். மற்றவர்கள் தரையை அடைத்துக்கொண்டார்கள். அர்த்தநாரிக்கு மிஞ்சியது டிவிக்குப் பக்கத்து மூலை, ஒலிபெருக்கியை ஒட்டி. அங்கிருந்து பார்த்தால் திரையில் எல்லாம் கோணலாகத் தெரிந்தது. படம் அதே படம். கோணலாகப் பார்க்கப் பிடிக்காமல் அவர் திரும்பி ஆட்களைப் பார்த்தார்.

திரையின் வெளிச்சம் முகங்களில் விழுந்து மாறிக்கொண்டிருந்தது. குப்பண்ணன் வாயைத் திறந்தபடி பார்த்தார். மாராயியின் தங்கை ஒவ்வொரு அண்டாவுக்கும் "அய்யோ, அய்யோ" என்றாள். அர்த்தநாரிக்கு இதுவும் ஒரு படம்போல இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வசனம் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். தெய்வானையும் சிரித்தாள். ஆனால் ஒரு கணம் தாமதம்.

அடுத்த வசனம். மறுபடியும் அதே தாமதம். அர்த்தநாரி உற்றுப் பார்த்தார். தெய்வானை முதலில் மாராயியின் முகத்தைப் பார்த்தாள். மாராயியின் வாய் விரிந்த பிறகுதான் அவள் வாய் விரிந்தது.

அவளுக்குப் புரிய நேரமாகிறது போல, என்று அர்த்தநாரி நினைத்துக்கொண்டார்.

பிறகு யானை மணி வந்தது. அந்தக் காட்சியில் யாரும் பேசுவதில்லை. இரண்டு ஆள் மணியைத் தூக்கி வருகிறார்கள். வைக்க இடமில்லை. மாப்பிள்ளையின் மடியில் வைக்கிறார்கள்.

அறையில் எல்லாருக்கும் முன்னால் தெய்வானை சிரித்தாள். மாராயியைப் பார்க்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம்தான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

அர்த்தநாரியின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போயிற்று.

போன வருடம் தெய்வானை மாராயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஈரோட்டுக் காது டாக்டரிடம் போய் வந்தாள். அன்று இந்த ஒலிபெருக்கிகள் வந்து இறங்கின. ஆட்கள் படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் மேலே நின்று, "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டிருந்தார். தெய்வானை படியில் ஒதுங்கிச் சுவரோடு ஒட்டி நின்று ஆட்களுக்கு வழிவிட்டாள். கடைசிப் பெட்டி போனதும் சொன்னாள்: "ரெண்டு காதுக்கும் மிஷின் வெக்கோணும்னு சொல்றாங்க."

"பாக்கலாம்," என்றார் அவர்.

அவ்வளவுதான். அவள் திரும்பச் சொல்லவில்லை. அவர் திரும்பக் கேட்கவில்லை.

முதலில் நான்கு தறிதான் இருந்தது. கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லை. அவர் துணியை மூட்டை கட்டிக்கொண்டு ஈரோட்டுச் சந்தைக்குப் போவார். நான்கு தறிக்கும் நடுவில் நின்று ஓட்டியது தெய்வானை. பகலில் ஓட்டினாள், வேலை மிஞ்சினால் இரவிலும் ஓட்டினாள். நான்கு எட்டாயிற்று. வீடு வந்தது. வீட்டுக்கு மேல் இந்த மாடி வந்தது.

அவர் காதுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. போன் மினுங்கியது. அவர் அதைப் பார்க்கவில்லை.

*

எல்லாரும் போன பிறகு தெய்வானை கடலைத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சாமி எழுந்து வெளியே மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

"தெய்வானை," என்றார் அர்த்தநாரி அவள் முதுகுக்குப் பின்னால் நின்று.

அவள் திரும்பவில்லை.

சற்று உரக்கக் கூப்பிட்டார். அவள் குனிந்து நாற்காலிக்கு அடியில் கிடந்த தோலை எடுத்தாள். அர்த்தநாரி சுற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார். அவள் திடுக்கிட்டாள்.

"என்னங்க, கீழ உக்காந்துட்டீங்க?"

"படம் புடிச்சுதா?"

அவள் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாருந்துச்சுங்க. பொண்ணு பாக்கப் போயி பாத்திரம் வாங்கிட்டு வர்றான்."

"அவங்க பேசுனது எல்லாம்?"

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"மாராயி சிரிச்சாளே. அவ சிரிச்சா, அது சிரிப்பாத்தான இருக்கும்?"

அர்த்தநாரி சிதறிக் கிடந்த தோலைக் கையால் கூட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இத்தனை நாளா ஏன் மேல வரல?"

"வந்தா நீங்க படத்தைப் பத்தி எதாச்சும் கேப்பீங்க. நான் சம்பந்தமில்லாம ஒண்ணு சொல்லிப்போடுவேன். உங்களுக்கு எரிச்சலாகும்." அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அடுப்படியில் உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "நீங்க நிம்மதியாப் பாக்கட்டும்னு உட்டுட்டேன்."

"நான் பாக்கவே இல்ல தெய்வானை," என்றார் அர்த்தநாரி.

அவளுக்கு அது சரியாகக் கேட்டிருக்காது. இருந்தாலும் அவர் தோளில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டாள்.

*

மறுநாள் காலை இருவரும் ஈரோட்டுக்குப் போனார்கள். டாக்டர் பார்த்து முடித்ததும், மிஷின் பொருத்தும் பெண் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். இதற்கு இந்த விலை, அதற்கு அந்த விலை, இந்த மாதம் இதற்குத் தள்ளுபடி என்றாள்.

"தள்ளுபடி வேண்டாமுங்க," என்றார் அர்த்தநாரி. "எது இவளுக்கு நல்லாக் கேக்குமோ அது."

அந்தப் பெண் தெய்வானையின் இரண்டு காதிலும் பொருத்தினாள். "சார், ஏதாவது பேசுங்க. எப்பவும் பேசற மாதிரி."

அர்த்தநாரிக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர். தொண்டையைச் செருமினார்.

"சாப்பிட்டயா?"

"காலையில ஒண்ணாத்தான சாப்பிட்டோம்?" என்றாள் தெய்வானை.

சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். அவர் முகத்தை அவள் அப்போது பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் சிரித்தார்கள். மிஷின் பொருத்திய பெண்ணும் சிரித்தாள். பிறகு கண்டிப்பாகச் சொன்னாள்: தறிக்கொட்டகைக்குள் இதைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அங்கே போவதானால் காதை அடைத்துக்கொண்டுதான் போக வேண்டும். தறி ஓட்டுகிறவர்களுக்கும் அப்படித்தான். அர்த்தநாரி எல்லாருக்கும் ரப்பர் அடைப்பு வாங்கினார். குப்பண்ணன் அரிக்கிறது என்று இரண்டு நாள் எடுத்து எடுத்துப் பார்த்தார். பிறகு பழகிவிட்டது.

அன்று திரும்பும்போது வீட்டுத் தெரு முனையிலேயே தெய்வானை நின்றுவிட்டாள்.

"இது நம்ம தறிச் சத்தமா?"

"ஆமா."

"இத்தனை சத்தத்துலயா நாம பேசிட்டு இருந்தோம்?"

"எங்க பேசுனோம்? கத்திட்டுத்தான் இருந்தோம்," என்றார் அர்த்தநாரி.

அன்று பொழுது சாய்ந்ததும் அவளாகவே மாடிக்கு வந்தாள். சாமி வழக்கம்போல ஏலப் படத்தைப் போடச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா பேசிய வசனங்கள் எல்லாம் அவளுக்கு இப்போதுதான் கிடைத்தன. தனியாகச் சிரித்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அர்த்தநாரி தன் சாய்வு நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் ஒரு பாய் விரித்திருந்தார்.

பெயர்கள் ஓடி முடிந்ததும் தெய்வானை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சாமி, நாளைக்கும் இதேதானுங்களா?"

சாமி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நீங்க எதைச் சொல்றீங்களோ அதுதானுங்கக்கா."

மறுநாள் அவள்தான் படம் தேர்ந்தெடுத்தாள். தேர்ந்தெடுக்க நேரமே ஆகவில்லை. ஒரு படத்தின் மேல் பரிசல் வரைந்திருந்தது. "இது," என்றாள். அர்த்தநாரி வாங்கிப் பல வருடமான படம். அது எப்படி முடியும் என்று அவருக்கே தெரியாது. மூவரும் முடிவு வரை பார்த்தார்கள். பரிசல்காரன் கடைசியில் அக்கரையிலேயே தங்கிவிடுகிறான்.

"ஏங்க அவன் திரும்பி வரல?" என்று தெய்வானை கேட்டாள்.

அர்த்தநாரி யோசித்தார். அவர் ஒன்று சொன்னார். அவள் அப்படியில்லை என்றாள். சாப்பாடு ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். சாமி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்.

*

தகடு மாற்றி முடித்ததும் சாமி கரட்டுக்குத் திரும்பினார். மாடி அறையின் சன்னல்களில் கறுப்புத் துணி இப்போது இல்லை. ஞாயிறுகளில் குப்பண்ணன் குடும்பம் வந்தது. பக்கத்து வீட்டாரும் வந்தார்கள். வாரத்துக்கு ஒரு படம். தெய்வானை கை வைத்தது.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை அர்த்தநாரி மற்றவர்கள் இறங்கும்வரை காத்திருந்தார். சாமி வேப்பமரத்து நிழலில் ஒரு பழைய கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். அர்த்தநாரி மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, மிச்சப் படமெல்லாம் அழிச்சுப்போடட்டுமா?"

"அதுக என்னங்ணா தப்புச் செஞ்சுது?"

கயிறு ஒரு சுற்று போயிற்று.

"விட்டுட்டனான்னு எனக்கே தெரியலீங்க சாமி. போன மாசம் பூரா ஒண்ணும் வாங்கல. சரி, போயிருச்சுன்னு நெனச்சேன். போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் சும்மா உக்காந்திருந்தேன். போன்ல பெரிய தள்ளுபடி. பழையபடி கை பரபரன்னு வந்துருச்சு. நாலஞ்சு படத்தை எடுத்து வெச்சுட்டேன். கடைசியா ஒருக்காத் தொடோணும். அவ்வளவுதான்."

"தொட்டுட்டீங்களா?"

"இல்லீங்க. கொல்லையில இருந்து அவ கூப்பிட்டா. போனை வெச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். அப்புறம் அந்த ஞாபகமே வரல."

"அவசரமாக் கூப்பிட்டாங்களா?"

"அவசரம் ஒண்ணும் இல்லீங்க சாமி." அர்த்தநாரிக்குச் சொல்லவே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "தறி நின்ன நாளுங்களா, கொல்லை அமைதியா இருந்துச்சு. கொய்யா மரத்துல அணில் கத்துதாம். இத்தனை வருசமா அது அங்கதான் கத்திட்டு இருந்துச்சான்னு கேக்கறா. அதுக்குத்தான் கூப்பிட்டாளாம்."

சாமி கயிற்றை இறுக்குவதை நிறுத்தினார்.

"உங்களுக்குக் கேட்டுச்சுங்களாண்ணா?"